வரிசையின் அதிகாரம்: நீவா என்ற தேடுபொறியின் வரலாற்றை முன்வைத்து

1

தகடூர் என்பது தர்மபுரியின் பழைய பெயர். அதியமானின் தகடூர்மீது பெருஞ்சேரல் இரும்பொறை படையெடுத்து வந்ததைப் பாடிய நூல் 'தகடூர் யாத்திரை'. அந்த நூல் இன்று முழுமையாக இல்லை. நச்சினார்க்கினியர் உரையில் மேற்கோளாக வந்த சில செய்யுள்களும், 'புறத்திரட்டு' என்ற தொகைநூலில் எடுத்து வைக்கப்பட்ட சில செய்யுள்களும்தான் மிச்சம். புறத்திரட்டைத் தொகுத்தவரின் பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை. பல நூல்களிலிருந்து செய்யுள்களை எடுத்து, குறளின் அதிகாரங்களைப் போன்ற தலைப்புகளின்கீழ் அவற்றை அடுக்கினார் என்பது மட்டும் தெரியும். அந்த அடுக்கில் இடம் கிடைத்தவை பிழைத்தன. கிடைக்காதவற்றைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

சென்ற ஆண்டு ஒரு கட்டுரைக்காக 'தகடூர் யாத்திரை' என்று தமிழிலேயே தட்டி இணையத்தில் தேடினேன். முதலில் வந்தவை ஒகேனக்கல்லுக்கு அழைத்துப் போகும் கார்க்காரர்களின் விளம்பரங்கள். அடுத்து, தங்கும் விடுதிகள். நூலைப் பற்றிய குறிப்பு அதற்கும் கீழே கிடந்தது. யோசித்துப் பார்த்தால் இதில் ஒரு தர்க்கம் இருக்கிறது. தகடூர் என்றால் தர்மபுரி. யாத்திரை என்றால் பயணம். தர்மபுரிக்குப் பயணம் வருகிறவன் ஒகேனக்கல்லுக்குத்தான் போவான். சேரனின் படை வந்த யாத்திரைக்கு இன்று விளம்பரம் கொடுப்பார் யாருமில்லை.

புறத்திரட்டைத் தொகுத்தவரும் வரிசைப்படுத்தினார்; இந்த யந்திரமும் வரிசைப்படுத்துகிறது. இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதே இந்தக் கட்டுரையின் விஷயம். அதை ஒரு சிறிய ஸ்தாபனத்தின் நான்காண்டு வரலாற்றை வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. ஸ்தாபனத்தின் பெயர் நீவா. 2019-இல் கலிபோர்னியாவில் தொடங்கி 2023-இல் மூடப்பட்ட ஒரு தேடுபொறி. அதை நிறுவிய இருவரில் ஒருவரான ஸ்ரீதர் ராமசாமி சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர். ஆனால் நம்மவர் ஒருவர் அங்கே சாதித்தார் என்ற ரீதியில் வாரப் பத்திரிகைகள் எழுதும் கதை அல்ல இது. அவர் அதில் தோற்றார். தோல்வி எப்படி நேர்ந்தது என்பதில்தான் நமக்குப் பாடம் இருக்கிறது.

2

வரிசைப்படுத்துவதை நாம் குமாஸ்தா வேலையாக நினைக்கிறோம். நான் குமாஸ்தா என்பதால் இதை மறுக்கும் தகுதி எனக்கு உண்டு.

எங்கள் வங்கிக் கிளையின் ரிக்கார்டு அறையில், கம்ப்யூட்டர் வருவதற்கு முந்தைய காலத்துப் பேரேடுகள் இன்னும் கிடக்கின்றன. ஒவ்வொரு பேரேட்டுக்கும் ஒரு இன்டெக்ஸ் ரிஜிஸ்டர். பெயரின் முதலெழுத்தைப் பார்த்து அந்தப் பக்கத்தைப் புரட்டினால் கணக்கு எந்த ஃபோலியோவில் இருக்கிறது என்று தெரியும். இந்த ஜில்லாவில் எம் எழுத்துக்கு மட்டும் பக்கங்கள் போதாமல் பின்னால் தாள் ஒட்டியிருப்பார்கள். மாது, மாதையன், மாதப்பன், மாதம்மாள், முனியப்பன், முனுசாமி, முருகன், மாரியப்பன் எல்லோரும் அந்த எழுத்துக்குள் வந்துவிடுகிறார்கள். 'மாதையன் கணக்கு' என்று வந்து நிற்பவரிடம் தகப்பனார் பெயரையும் ஊரையும் கேட்டால்தான் எந்த மாதையன் என்று தீர்மானிக்க முடியும். அந்த ரிஜிஸ்டருக்கு ஒரு குணம் இருந்தது. லட்சம் போட்ட மாதையனும் நூறு ரூபாய் போட்ட மாதையனும் அதில் ஒரே மாதிரியான ஒரு வரிதான். வரிசை அவர்களை ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை.

தமிழில் இந்தக் குணம் தாமதமாகத்தான் வந்தது. திவாகரம், பிங்கலம் முதலான நிகண்டுகள் பொருளை வைத்து அடுக்கப்பட்டவை. தேவர் பெயர், மக்கள் பெயர், விலங்கின் பெயர் என்று போகும் அந்த அடுக்கு உலகத்தைப் பற்றிய ஒரு பார்வை. அதைச் செய்யுளாக மனப்பாடம் செய்தவனுக்குத்தான் அது பயன்படும். 1594-இல் சிதம்பர ரேவண சித்தர் செய்த அகராதி நிகண்டு சொற்களை முதலெழுத்தின் வரிசையில் வைத்தது. 1732-இல் வீரமாமுனிவரின் சதுரகராதி அதை மேலும் கறாராக்கியது. இதை ஒரு தொழில்நுட்ப மாற்றமாக மட்டும் பார்க்கக் கூடாது. அகரவரிசையில் கடவுளும் கடுகும் பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன. மனப்பாடம் இல்லாதவனும், குரு இல்லாதவனும், எழுத்துத் தெரிந்தால் போதும், உள்ளே வரலாம். உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணிக்கும் (1887) புறநானூற்றுக்கும் (1894) இணைத்துத் தந்த அகராதிகளை இந்த மரபின் தொடர்ச்சியாகவே பார்க்க வேண்டும். படிப்பவனை அவர் நம்பினார்.

அடுத்த அடியை எடுத்து வைத்தவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். கணித ஆசிரியராக இருந்தவர், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். அவருடைய 'நூலகவியலின் ஐந்து விதிகள்' 1931-இல் வெளிவந்தது. புத்தகங்கள் பயன்பாட்டுக்கே, ஒவ்வொரு வாசகனுக்கும் அவனுடைய புத்தகம், ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதன் வாசகன், வாசகனின் நேரத்தை மிச்சப்படுத்து, நூலகம் ஒரு வளரும் உயிர் - விதிகள் இவ்வளவுதான். 1933-இல் வந்த கோலன் பகுப்புமுறை ஒரு புத்தகத்தை ஒரே தலைப்புக்குள் அடைத்துவிடாமல் பொருள், இடம், காலம் என்று பல முகங்களில் பார்த்தது. இரண்டாம் விதியையும் மூன்றாம் விதியையும் சேர்த்து வாசித்தால், இன்றைய தேடுபொறி என்ன செய்வதாகச் சொல்லிக்கொள்கிறதோ அது அப்படியே இருக்கிறது. ஒரு வித்தியாசம்: ரங்கநாதனின் விதிகளில் வாசகன் இருக்கிறான், புத்தகம் இருக்கிறது, மூன்றாவது ஆசாமி இல்லை.

3

மூன்றாவது ஆசாமி வந்த கதைக்கு வருவோம்.

தேடுபொறியின் உள்ளே நடப்பது அடிப்படையில் எங்கள் இன்டெக்ஸ் ரிஜிஸ்டர்தான். ஒரு நிரல் தளம் தளமாகப் போய்ப் பக்கங்களைப் படித்து வருகிறது. ஒவ்வொரு சொல்லுக்கும், அது எந்தெந்தப் பக்கங்களில் இருக்கிறது என்று ஒரு பட்டியல் தயாராகிறது. நாம் ஒரு சொல்லைத் தட்டும்போது அது இணையத்தைத் தேடுவதில்லை. முன்பே எழுதி வைத்த இந்தப் பட்டியலைப் புரட்டுகிறது. பிரச்னை பட்டியல் அல்ல. ஒரு சொல்லுக்கு லட்சம் பக்கங்கள் இருந்தால் எதை முதலில் காட்டுவது? நூறு மாதையன்களில் எந்த மாதையன்?

1998-இல் ஸ்டான்ஃபோர்டு மாணவர்களான செர்கே பிரின்னும் லாரி பேஜும் இதற்கு ஒரு விடை சொன்னார்கள். எந்தப் பக்கத்தை மற்ற பக்கங்கள் அதிகம் சுட்டுகின்றனவோ, அதிலும் மதிப்புள்ள பக்கங்கள் சுட்டுகின்றனவோ, அது மேலே. இந்த யோசனைக்கு முன்னோடி உண்டு. யூஜீன் கார்ஃபீல்டு 1964-இல் கொண்டுவந்த அறிவியல் மேற்கோள் அட்டவணை, எந்தக் கட்டுரை எந்தக் கட்டுரையால் மேற்கோள் காட்டப்பட்டது என்று தொகுத்தது. தகடூர் யாத்திரையை நச்சினார்க்கினியர் மேற்கோள் காட்டினார். ஆகவே அது நமக்குக் கிடைத்தது. மேற்கோளே மதிப்பு என்ற இந்த எண்ணம் உரையாசிரியர் மரபில் வந்தவர்களுக்கு அந்நியமானது அல்ல.

அதே 1998 கட்டுரையின் பின்னிணைப்பில் அந்த இருவரும் இன்னொன்றையும் எழுதினார்கள். விளம்பரத்தால் நடக்கும் தேடுபொறி இயல்பாகவே விளம்பரக்காரன் பக்கம் சாயும், தேடுகிறவனை விட்டு விலகும். ஆகவே வெளிப்படையான ஒரு தேடுபொறி கல்வித்துறையின் கையில் இருப்பது அவசியம் என்பது அவர்கள் வாதம். அதே ஆண்டில் கோடூ என்ற கம்பெனி, அதிகப் பணம் தருபவனுக்கு மேல் வரிசை என்று பகிரங்கமாகவே ஏலம் விட ஆரம்பித்தது. 2000 அக்டோபரில் கூகுளும் தன் விளம்பரத் திட்டத்தைத் தொடங்கியது. பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 2018-இல், கூகுளின் விளம்பர வருமானம் சுமார் 11,600 கோடி டாலர். 1998-இல் எழுதியது அவர்களுக்கு மறந்துபோனது என்று கேலி செய்வது சுலபம். ஆனால் கவனிக்க வேண்டியது வேறு. அட்டவணை வளர வளர அதைப் பராமரிக்கும் செலவும் வளர்கிறது. தேடுபவனிடம் காசு கேட்கவில்லை என்றால் வேறொருவனிடம் கேட்டாக வேண்டும். யார் காசு கொடுக்கிறானோ அவன் கண்ணுக்கு வரிசை அழகாக இருந்தாக வேண்டும்.

அந்த விளம்பர இலாகாவுக்கு 2018 வரை தலைவராக இருந்தவர்தான் ஸ்ரீதர் ராமசாமி. 2003-இல் கூகுளில் சேர்ந்தவர். பதினைந்து ஆண்டுகள் அந்த யந்திரத்தைக் கட்டியவர்.

4

அவரும், யூடியூபின் வருவாய்ப் பிரிவில் இருந்த விவேக் ரகுநாதனும் 2019-இல் நீவாவைத் தொடங்கினார்கள். கொள்கை ஒரு வரியில் அடங்கும்: விளம்பரம் கிடையாது, தேடுகிறவரே சந்தா கட்டுவார். 2021 ஜூனில் அமெரிக்காவில் திறந்தபோது மாதம் 4.95 டாலர், அன்றைய கணக்கில் சுமார் 365 ரூபாய். வருமானத்தில் ஒரு பங்கை, பக்கங்களை எழுதியவர்களுக்கே தருவதாகவும் சொன்னார்கள். இரண்டு தவணைகளில் திரட்டிய முதலீடு சுமார் 7.75 கோடி டாலர். சாதாரண மனிதக் கணக்கில் பெரிய தொகை. எதிரில் நின்ற யானையின் கணக்கில் அது ஒரு நாள் தீனிகூட இல்லை.

புதிதாக ஒரு தேடுபொறி கட்டும் இடத்தில் என்ன வேலை நடக்கும் என்பதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஏனென்றால், அங்கே இருப்பவர்கள் ஏதோ ஒரு சூத்திரத்தைக் கண்டுபிடித்துவிட்டுக் காத்திருப்பதாக ஒரு பிரமை நமக்கு உண்டு. முதல் வேலை, பக்கங்களைச் சேர்ப்பது. இங்கேயே தடை. பல வலைத்தளங்கள் தங்கள் வாசலில் ஒரு அறிவிப்பு வைத்திருக்கின்றன: கூகுளின் நிரலும் பிங்கின் நிரலும் உள்ளே வரலாம், மற்றவை வரக்கூடாது. பெரியவன் வந்தால் வாசகர்களைக் கொண்டுவருவான். சின்னவன் வந்தால் சர்வருக்குச் சுமை மட்டும்தான். இதைப் பற்றி நீவா வெளிப்படையாகவே புகார் சொன்னது. நிரலை எழுதும் பொறியாளர் இந்த இடத்தில் பொறியாளர் அல்ல, வாசலில் நின்று அனுமதி கேட்கும் மனுதாரர்.

இரண்டாவது வேலை, வரிசை. எந்த விடை சரி என்பது யந்திரத்துக்குத் தானாகத் தெரியாது. ஜனங்கள் எதைச் சொடுக்கினார்கள், எதைத் திறந்து உடனே மூடிவிட்டுத் திரும்பினார்கள் என்ற பதிவுகளிலிருந்து அது கற்கிறது. தேடுபவர் அதிகமானால் கற்பதும் அதிகம். கற்பது அதிகமானால் தேடுபவரும் அதிகம். அமெரிக்காவில் மற்ற எல்லாத் தேடுபொறிகளுக்கும் சேர்த்து வரும் கேள்விகளைவிட ஒன்பது மடங்கு கூகுளுக்கு வருகிறது என்று பின்னால் ஒரு நீதிமன்றம் பதிவு செய்தது. இந்தக் கற்றலைப் பணம் கொடுத்து வாங்க முடியாது. நீவா முதலில் பிங்கிடமிருந்து விடைகளை வாங்கிக்கொண்டு, அதற்குள் தன்னுடைய சொந்த அட்டவணையைக் கட்டியது. கட்டியும் முடித்தது. நூறு பேருக்கும் குறைவான ஒரு கூட்டம் இதைச் செய்தது என்பதை மதிக்காமல் இருக்க முடியாது.

இதற்கு முன்னாலும் முயன்றவர்கள் உண்டு. 2008 ஜூலையில் வந்த கூயில், கூகுளில் வேலை பார்த்தவர்கள் சேர்ந்து தொடங்கியது. 12,000 கோடிப் பக்கங்கள் தன் அட்டவணையில் இருப்பதாகப் பறைசாற்றியது. பக்கங்கள் இருந்தன, வரிசை சரியில்லை, 2010 செப்டம்பரில் நின்றது. 2006-இல், நம் ஜில்லாவிலிருந்து வேலைக்குப் பஸ் ஏறிப் போகிறோமே, அந்தப் பெங்களூரில் குருஜி என்ற இந்தியத் தேடுபொறி தொடங்கி, சில ஆண்டுகளில் நின்றுபோனது. ஆனால் நீவாவின் கதை கூயிலின் கதை அல்ல. நீவாவின் விடைகள் மோசம் என்று பயன்படுத்தியவர்கள் விட்டுப் போகவில்லை. பயன்படுத்திப் பார்க்கவே பெரும்பாலோர் வரவில்லை.

5

2023 மே 20 அன்று நீவா மூடப்படுவதாக அறிவிப்பு வந்தது. ஜூன் 2-இல் தேடல் நின்றது. ஸ்தாபனத்தை ஸ்னோஃப்ளேக் என்ற தரவு நிறுவனம் வாங்கிக்கொண்டது. 2024 பிப்ரவரியில் ராமசாமி அந்த நிறுவனத்துக்கே தலைவரானார். தனிமனிதரின் கதையில் இது தோல்வியே இல்லை. நம் விஷயம் தனிமனிதர் அல்ல.

மூடும்போது நிறுவியவர்கள் எழுதிய குறிப்பில் ஒரு செய்தி இருந்தது. ஜனங்களைக் காசு கொடுக்கச் சம்மதிக்க வைப்பது அவ்வளவு கஷ்டமாக இல்லை. புதிய தேடுபொறி ஒன்றை ஒரு முறை முயன்று பார்க்கச் செய்வதுதான் அதைவிடக் கஷ்டமாக இருந்தது என்பது அதன் சாரம். இந்த வாக்குமூலத்தின் கனத்தை உணர வேண்டும். ஒரு மனிதன் ஏன் இன்னொன்றை முயன்று பார்க்க வேண்டும்? தான் தேடிக்கொண்டிருக்கிறோம் என்ற பிரக்ஞையே அவனுக்கு இல்லையே. போனை வாங்குகிறான், திரையில் ஒரு கட்டம் இருக்கிறது, அதில் தட்டுகிறான், ஏதோ வருகிறது. ஆற்றில் தண்ணீர் வருவதுபோல அது அவனுக்கு இயற்கை. தேர்வு செய்த உணர்வே இல்லாதவனிடம் வேறொன்றைத் தேர்வு செய்யச் சொல்ல முடியாது.

அந்தக் கட்டம் இயற்கையாக வந்ததல்ல என்பது நீதிமன்றத்தில் வெளிப்பட்டது. அமெரிக்க அரசு 2020 அக்டோபரில் கூகுள்மேல் தொடுத்த வழக்கில், 2023 அக்டோபரில் ராமசாமியே சாட்சிக் கூண்டில் ஏறினார். போன்களிலும் ப்ரவுசர்களிலும் முதலில் இருக்கும் தேடுபொறியாக இருப்பதற்கு 2021 என்ற ஒரே ஆண்டில் கூகுள் கொடுத்த தொகை 2,630 கோடி டாலர். 2022-இல் ஆப்பிளுக்கு மட்டும் 2,000 கோடி டாலர். 2024 ஆகஸ்ட் 5 அன்று நீதிபதி அமித் மேத்தா, கூகுள் தேடலில் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்துவந்தது என்று தீர்ப்புச் சொன்னார். 2025 செப்டம்பரில் பரிகாரம் சொன்னபோது, தனியுரிமை ஒப்பந்தங்களைத் தடுத்தார்; அட்டவணைத் தரவில் ஒரு பகுதியைப் போட்டியாளர்களோடு பகிரச் சொன்னார்; பணம் கொடுத்து இடம் பிடிப்பதை அடியோடு தடுக்கவில்லை. நீவா மூடி அப்போது இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது.

ஆக, விளம்பரக்காரன் வாங்கியது விடைகளின் வரிசையை மட்டும் அல்ல. அவன் தந்த காசு சுற்றிச் சுற்றி, எந்தக் கட்டத்தில் நம் விரல் போய் நிற்கும் என்ற பழக்கத்தையே வாங்கியிருக்கிறது. நீவா வரிசையோடு மோதத் தயாராக வந்தது. பழக்கத்தோடு மோத அதனிடம் ஆயுதம் இல்லை.

6

இந்த இடத்தில் சிறுபத்திரிகை வாசகருக்கு ஒரு ஒப்புமை தோன்றியிருக்கும். விளம்பரம் வேண்டாம், சந்தா போதும், தரமே குறிக்கோள் - இது நம் குரல் அல்லவா? சி.சு. செல்லப்பா 1959 முதல் 1970 வரை 'எழுத்து'வை நடத்தியதும், புத்தக மூட்டையைச் சுமந்து ஊர் ஊராகப் போனதும் இதற்காகத்தானே? நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். நீவாவை வெகுஜன சந்தைக்கு எதிரே நின்ற ஒரு சிறுபத்திரிகையாகப் பார்க்க ஆசைப்பட்டேன்.

அந்த ஒப்புமை நிற்காது. முந்நூறு பேருக்காக நடக்கும் பத்திரிகையின் செலவு முந்நூறு பேருக்கான செலவுதான். அட்டவணை அப்படி அல்ல. ஒருவன் தேடினாலும் கோடிப் பேர் தேடினாலும் இணையம் முழுவதையும் படித்து வைத்திருக்க வேண்டும். முந்நூறு பேருக்காகச் செய்த பத்திரிகை, முந்நூறு பேர் என்பதாலேயே கூர்மை பெறலாம். முந்நூறு பேர் மட்டும் தேடும் தேடுபொறியோ, கற்பதற்கு வழியில்லாமல் மழுங்கும். ஒதுங்கி நின்று தூய்மையைக் காப்பாற்றும் வழி இங்கே சாத்தியமில்லை. சிறுபத்திரிகைக்காரர்களாகிய நாம் நமக்கு வாய்த்த தீர்வை எல்லாவற்றுக்கும் பொருத்திப் பார்க்கும் பழக்கத்தை இந்த இடத்திலாவது விட வேண்டும்.

நீவாவுக்குப் பின் வந்தவர்கள் இதைப் புரிந்துகொண்டார்கள். சென்னையில் பிறந்த அரவிந்த் ஸ்ரீனிவாஸ் மற்றவர்களோடு சேர்ந்து 2022-இல் தொடங்கிய பெர்ப்ளெக்சிடி, பட்டியலைத் தராமல் விடையையே எழுதித் தருகிறது. கீழே மேற்கோள்கள் வரும். 2024 நவம்பரில் அதுவும் விளம்பரத்தைச் சோதித்துப் பார்க்கத் தொடங்கியது. 2025 ஜூலையில் ஏர்டெல் தன் 36 கோடி வாடிக்கையாளர்களுக்கு, ஆண்டுக்கு 17,000 ரூபாய் மதிப்புள்ள அதன் சந்தாவை ஒரு வருஷத்துக்கு இலவசமாகத் தருவதாக அறிவித்தது. பாலக்கோட்டில் தக்காளி விற்றுவிட்டு ரீசார்ஜ் செய்கிறவர் கைக்கும் அது வந்துவிட்டது. நீவா கேட்டுப் பெற முடியாத பழக்கத்தை இது இனாமாகக் கொடுத்து வாங்கப் பார்த்தது. வரிசைக்காவது இரண்டாம் பக்கம் என்று ஒன்று இருந்தது. கீழே கிடந்தாலும் தகடூர் யாத்திரை நூல் எனக்கு அங்கே கிடைத்தது. ஒரே விடைக்கு இரண்டாம் பக்கம் இல்லை.

தமிழுக்கு இதில் கூடுதல் நஷ்டம். தகடூர், தகடூருக்கு, தகடூரிலிருந்து, தகடூர்ப் போர் எல்லாம் ஒரே சொல்லின் உருவங்கள் என்று யந்திரத்துக்குக் கற்பிக்க வேண்டும். இணையத்தின் ஆரம்ப ஆண்டுகளில் ஒவ்வொரு பத்திரிகையும் தனக்கென ஓர் எழுத்துருவில் ஏற்றியவை தேடலுக்கு அகப்படாதவை. நம் சிறுபத்திரிகைகள் பல, புகைப்படங்களாக ஸ்கேன் செய்யப்பட்டுக் கிடக்கின்றன. படத்துக்குள் இருக்கும் எழுத்தைப் பிரித்தெடுத்துத் தராதவரை அவை அட்டவணைக்கு வெளியேதான். மத்திய அரசின் உதவியில் ஐ.ஐ.டி. மும்பை முதலிய கல்வி நிறுவனங்கள் சேர்ந்து சந்தான் என்ற தேடுபொறியைத் தமிழ் உள்பட ஐந்து மொழிகளில் செய்தன. அண்ணா பல்கலைக்கழகத்துக்கும் அதில் பங்கு உண்டு. அதற்கு எடுத்துக்கொண்ட விஷயம் சுற்றுலா. மறுபடியும் ஒகேனக்கல்.

அப்படியானால் வழி? விளம்பரக்காரனும் சந்தாதாரனும் அல்லாத மூன்றாவது ஒரு முறை நம் ஊரிலேயே இருந்திருக்கிறது. ரங்கநாதனின் முயற்சியால் 1948-இல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டம், விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம். சொத்துவரியோடு சேர்த்து நூலக வரி வாங்கலாம் என்றது. வீட்டுக்காரன் நூலகத்துக்குப் போகிறானா இல்லையா என்று அது கேட்கவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் படிப்பதற்கு இவனும் கொடுக்கிறான். செலவு நிலையானது, பயன் எல்லோருக்கும் என்ற ஒன்றுக்கு இதுவே பொருத்தமான கணக்கு. வாசகனின் நேரத்தை மிச்சப்படுத்து என்ற விதியை எழுதியவர், அதற்கான பணம் எங்கிருந்து வரும் என்பதையும் யோசித்தார்.

அரசின் கையில் வரிசையைக் கொடுப்பதா என்று உடனே கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நூலக ஆணைக்காகவே அச்சடிக்கப்பட்டு, வாசகன் தொடாமலே செல்லரிக்கும் புத்தகங்களை நாம் அறிவோம். விளம்பரக்காரன் இருந்த நாற்காலியில் அதிகாரியை உட்கார வைப்பது மாற்றம் ஆகாது. ஆனால் அட்டவணை வேறு, வரிசை வேறு. பக்கங்களைச் சேர்த்து, சொற்களைப் பட்டியலிட்டு வைப்பது பெரும் செலவு பிடிப்பது. அதைப் பொதுவில் வைத்துக்கொள்ளலாம். அதன்மேல் யார் வேண்டுமானாலும் தங்கள் வரிசையை அடுக்கலாம் - பல்கலைக்கழகம் ஒன்று, கடைக்காரன் ஒன்று, நாம் ஒன்று. இது வெறும் கனவு அல்ல. 2022 செப்டம்பரில் ஐரோப்பாவில் 14 நிறுவனங்கள் சேர்ந்து, 85 லட்சம் யூரோ பொதுப்பணத்தில், இப்படியொரு திறந்த அட்டவணையைக் கட்டத் தொடங்கின. 2025-இல் அதன் முதல் வடிவத்தைப் பயன்பாட்டுக்குத் திறந்துவிட்டார்கள். நீவாவுக்கு அப்படி ஒன்று கிடைத்திருந்தால், வாசல் வாசலாக அனுமதி கேட்பதில் போன காலமும் பணமும் வரிசையைச் செப்பனிடுவதில் போயிருக்கும். பழக்கத்தோடு மோத ஒரு நீவா போதாமல் இருந்தது. நூறு நீவாக்கள் எழுந்தால் பழக்கம் தன்னைப் பற்றி யோசிக்க ஆரம்பிக்கலாம்.

தகடூர் யாத்திரைக்குத் திரும்புகிறேன். அதன் செய்யுள்களை நச்சினார்க்கினியர் புறத்திணைத் துறைகளுக்கு உதாரணமாக எடுத்தார். புறத்திரட்டைத் தொகுத்தவர் அதிகாரத் தலைப்புகளின்கீழ் வைத்தார். ஒரே நூல், இரண்டு பேர், இரண்டு அடுக்கு. ஒருவர் விட்டதை இன்னொருவர் எடுத்து வைத்தார். இருவருக்கும் நூல் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது. ஒரே அடுக்குத்தான் என்று இருந்திருந்தால், நமக்குக் கிடைத்திருப்பது இன்னும் குறைவு.